அத்திக் கன்று வீட்டிலேயே உருவாக்க: குச்சி நடவும் விண்பதியமும், படிப்படியாக

அத்திக் குச்சி வேர் விடுவதற்குத் தயங்காத ஒன்று. ஈரம், மிதமான சூடு, கொஞ்சம் பொறுமை கிடைத்தால் போதும், ஹார்மோன்கூட இல்லாமல் வேர் விட்டுவிடும். அப்படியிருந்தும் முதன்முறை முயல்பவர்கள் பத்துக் குச்சி வைத்தால் ஏழெட்டைப் பறிகொடுக்கிறார்கள். பல வருடங்களாகக் கூடவே நின்று பார்த்ததில், தடுக்கி விழும் இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான்: தண்ணீர் அதிகமாவது, இலையைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்புவது, மூடி வளர்த்த கன்றை ஒரே நாளில் வெளியே வைப்பது. இந்த மூன்று இடங்களிலும் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். மற்றவை சுலபம்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். இங்கே அத்தி என்பது உலர்பழமாக விற்கப்படுகிற சீமை அத்தி, அதாவது ஃபைகஸ் கேரிகா. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு இனம். கீழே சொல்லும் அளவுகளும் நாள் கணக்கும் சீமை அத்திக்கு மட்டும்.

1. எந்த முறை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தாய்மரம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, ஒன்றிரண்டு கன்று போதும் என்றால் விண்பதியம் போடுங்கள், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதன் பட்டையை வளையமாக எடுத்து, ஈரமான பாசியைக் கட்டி அங்கேயே வேர் விடச் செய்வது. வேர் வரும்வரை கிளைக்குத் தாய்மரமே தண்ணீர் ஊட்டுவதால் தோல்வி மிகக் குறைவு. இரண்டு மாதத்தில் முழங்கை நீளக் கன்று கையில் இருக்கும்.

குச்சி வேறு யாரிடமிருந்தோ வருகிறது, அல்லது ஒரே மரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கன்று வேண்டும் என்றால் குச்சி நடவுதான் வழி. கவாத்து செய்து வீசும் கிளைகளே இதற்குப் போதும். இதில் சில குச்சிகள் போகும். ஆகவே இரண்டு கன்று வேண்டுமென்றால் ஐந்து குச்சி வையுங்கள்.

விதையை நினைக்கவே வேண்டாம். மகரந்தம் சேராமல் பழுத்த பழத்தின் விதை உள்ளே வெறும் கூடு. மகரந்தம் சேர்ந்த விதை முளைத்தாலும் தாயின் குணம் வராது, ஏறக்குறைய பாதி கன்றுகள் தின்ன உதவாத ஆண் வகையாகப் போய்விடும். அது தெரிவதற்கே சில வருடங்கள் ஆகும்.

2. தாய்மரத்தை ஒரு முறை சுற்றிப் பாருங்கள்

குச்சியிலும் பதியத்திலும் வருவது தாய்மரத்தின் அச்சு அசல் நகல். அதன் ருசி வரும், அதன் நோயும் வரும்.

முக்கியமாகத் தேட வேண்டியது தேமல் நோய். இலையில் வெளிர் மஞ்சள் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பரவியிருக்கும், சில திட்டுகளின் ஓரம் துரு நிறமாக மாறும், இலை கோணலாக வளரும். இது வைரஸ். மருந்து தெளித்துப் போக்க முடியாது, எடுக்கிற ஒவ்வொரு குச்சியிலும் கூடவே வரும். அத்தியில் இது பரவலான நோய்தான், வீரியமான மரம் இதைத் தாங்கிக்கொண்டு காய்க்கவும் செய்யும். ஆனால் தேர்வு செய்ய வாய்ப்பிருக்கும்போது இலை சுத்தமாக இருக்கும் மரத்திலிருந்தே எடுங்கள். இலை உதிர்ந்த காலத்தில் குச்சி எடுப்பவர்கள் இலை இருக்கும்போதே மரத்தைப் பார்த்து அடையாளம் கட்டி வைப்பது நல்லது.

மரத்தடியில் வேரோடு முளைத்த பக்கக் கன்றைப் பிடுங்கி நடலாமா என்று கேட்பார்கள். நடலாம், பிழைக்கும். ஆனால் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் அதுவும் வேரோடு வந்து உங்கள் தோட்டத்தில் குடியேறும். தரைக்கு மேலே எடுத்த குச்சிக்கு அந்த ஆபத்து இல்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

கூர்மையான கவாத்துக் கத்தரி, மெல்லிய அலகுள்ள கத்தி, கையுறை, பழைய துணி, பெயர்ச்சீட்டு, பென்சில். குச்சி நடவுக்கு அரை லிட்டர் கொள்ளளவுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளர்கள், அவை மொத்தமும் அடங்கும் மூடியுள்ள பெரிய டப்பா. விண்பதியத்துக்குத் தடிமனான பாலித்தீன் தாள், கட்டுவதற்கு நாடா அல்லது கேபிள் டை, அலுமினியத் தாள், ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு.

பென்சில் ஏன் என்றால், மார்க்கர் எழுத்து வெயிலில் சில மாதங்களில் வெளுத்துவிடும். பென்சில் எழுத்து நிற்கும். ஐந்து ரகம் வைத்துவிட்டு எது எது என்று தெரியாமல் முதல் பழத்துக்காகக் காத்திருப்பது மனதைத் தேய்க்கிற வேலை.

கையுறையைத் தவிர்க்காதீர்கள். அத்திப் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சிவந்து கொப்பளிக்கும், கருமைத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். பட்டவுடன் எரிச்சல் தெரியாததால் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தை வெயில் படாமல் மூடி வையுங்கள். பால் பட்ட கையால் கண்ணைத் தொடவே கூடாது.

4. ஊடகத்தை முந்தின நாளே தயார் செய்யுங்கள்

ஊடகம் என்பது குச்சி வேர் விடுவதற்கான கலவை. தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் (எரிமலைக் கல்லைப் பொரித்த லேசான வெள்ளை மணிகள்) ஒரு பங்கு. பெர்லைட் கிடைக்காவிட்டால் கழுவிய கரடுமுரடான ஆற்றுமணல். நார்த்தூளில் உப்பு இருக்க வாய்ப்புண்டு, அது இளவேரைக் கருக்கிவிடும். அதனால் வாளியில் ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மீண்டும் ஊறவையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

தோட்ட மண், மண்புழு உரம், சாணம் எதுவும் இந்தக் கட்டத்தில் கூடாது. வேர் இல்லாத குச்சியால் உரத்தை எடுக்க முடியாது. அந்தச் சத்தெல்லாம் பூஞ்சைக்குத்தான் போய்ச் சேரும். "கொஞ்சமாவது உரம் சேர்த்தால் வேகமாக வராதா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். வராது, அழுகும்.

இப்போது ஈரம். ஊடகத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு வரவேண்டும். தண்ணீர் ஒழுகினால் அது அதிகம், தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஒரு சொட்டும் வராமல் உருண்டை மட்டும் நின்றால் சற்று குறைவு, ஆனால் பாதகமில்லை. அத்தியைப் பொறுத்தவரை குறைவை நோக்கித் தவறுவது நல்லது.

5. குச்சி வெட்டுவது

குளிர்காலத்தில் இலை உதிரும் இடங்களில், இலை கொட்டியபின், மொட்டு பருக்கத் தொடங்குமுன் வெட்டுங்கள். அப்போதுதான் கிளைக்குள் மாவுச்சத்து நிறைந்திருக்கும். வேர் வரும்வரை குச்சி உயிர் வாழ்வது அந்தச் சேமிப்பில்தான். குளிர் அதிகமில்லாத இடங்களில் மரம் ஓய்ந்து இலை குறைந்திருக்கும் சமயத்தையோ கவாத்துச் சமயத்தையோ தேர்ந்தெடுங்கள். இலையோடு எடுத்தால் எல்லா இலையையும் காம்பில் வெட்டி நீக்கிவிடுங்கள். அவை குச்சியின் தண்ணீரை ஒரே நாளில் குடித்துவிடும்.

கடந்த வருடம் வளர்ந்து, பட்டை பழுப்பேறி முற்றிய கிளை வேண்டும். பென்சில் பருமன் முதல் கட்டைவிரல் பருமன் வரை சரி. நுனியில் இருக்கும் பச்சைத் தண்டு வேண்டாம். அதன் நடுத்தக்கை பெரிது, சேமிப்பு குறைவு, சீக்கிரம் அழுகும். கணுக்கள் நெருக்கமாக இருக்கும் கிளையே மேல். நிழலில் நீண்டு வளர்ந்த கிளை பார்க்க நேராக அழகாக இருக்கும், ஆனால் உள்ளே சத்து இருக்காது.

நீளம் 15 முதல் 20 செ.மீ., அதில் குறைந்தது மூன்று கணு. அடியை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். நுனியை மேல் கணுவிலிருந்து ஒரு செ.மீ. தள்ளிச் சாய்வாக வெட்டுங்கள். கணுவில்தான் வேர் சுலபமாக வரும் என்பதால் அடியில் கணு. நேர்வெட்டும் சாய்வெட்டும் எதற்கென்றால், ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது எது தலை எது கால் என்பதில் குழப்பம் வராது. இலையற்ற அத்திக் குச்சியைத் தலைகீழாக நட்டவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் இலை விழுந்த தழும்பைப் பாருங்கள். மொட்டு எப்போதும் தழும்புக்கு மேலே இருக்கும்.

உடனே நட முடியாவிட்டால் ஈரத்தாளில் சுற்றி, காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறி அறையில் வையுங்கள். தாள் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நன்கு முற்றிய, இலையுதிர்ந்த குச்சி இரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும். உறைபெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

6. கழுவுதல்

பாசி, தூசி, பூச்சி முட்டை எல்லாம் பட்டையில் ஒட்டியிருக்கும். மூடிய டப்பாவின் ஈரமும் சூடும் குச்சிக்கு எவ்வளவு பிடிக்குமோ பூஞ்சைக்கும் அவ்வளவு பிடிக்கும். ஆகவே பழைய பல்துலக்கியால் சோப்புத் தண்ணீரில் மெதுவாகத் தேயுங்கள், மொட்டின் மேல் அழுத்தாமல். அப்புறம் வீட்டு ப்ளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

7. கீறல், வேர் ஊக்கி

அடியிலிருந்து மூன்று செ.மீ. உயரத்துக்கு, எதிரெதிர்ப் பக்கம் இரண்டு இடத்தில் பட்டையை மட்டும் மெல்லச் சீவுங்கள். பச்சை தெரிந்து, அதன் கீழ் வெண்மை எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுங்கள். காயத்தின் ஓரங்களிலிருந்து வேர் கிளம்பும்.

வேர் ஊக்கித் தூள் இருந்தால் அடியில் மட்டும் தொட்டு, விரலால் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிடுங்கள். ஐ.பி.ஏ. என்ற வேரைத் தூண்டும் ஹார்மோன் கலந்த தூள்தான் வழக்கம். முற்றிய குச்சிக்கு 3000 பி.பி.எம். (அதாவது 0.3 சதவீதம்) வரை போதும். அதிகம் பூசினால் வேர் பெருகாது, பட்டைதான் கருகும். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். அத்தியில் இது அவசரத்துக்கு உதவும், அவசியம் கிடையாது.

8. டம்ளரில் நடுவது

டம்ளரின் அடியில் நான்கைந்து துளையும், பக்கத்தில் கீழ்ப்பகுதியில் சில துளையும் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஊடகம் நிரப்பி, குச்சியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் நிரப்பி லேசாகத் தட்டுங்கள். குச்சியை ஊடகத்துக்குள் குத்தி இறக்க வேண்டாம். சீவிய இடத்திலிருந்து தூளெல்லாம் உரிந்துவிடும்.

இரண்டு கணு உள்ளே, ஒரு கணு வெளியே. மேல் வெட்டுவாயில் மெழுகோ மரப்பசையோ ஒரு சொட்டு வைத்தால் அந்த வழியாகக் காய்வது நிற்கும்.

நட்டதும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். ஊடகத்தில் இருக்கும் ஈரமே பல வாரத்துக்குப் போதும். டம்ளரைக் கையில் தூக்கி அதன் எடையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் தராசு இருந்தால் எடையை எழுதி வையுங்கள். இனிமேல் தண்ணீர் வேண்டுமா என்பதை அந்த எடை சொல்லட்டும். மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், விரல் சொல்வதை நம்ப வேண்டாம்.

டம்ளர்களை டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். 22 முதல் 27 டிகிரி செல்சியஸ் சூடுள்ள இடம் நல்லது. 30-க்கு மேல் போனால் பூஞ்சை முந்திக்கொள்ளும், 18-க்குக் கீழே எல்லாம் மந்தமாகும். நேர்வெயில் படவே கூடாது, மூடிய டப்பா சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். மொட்டு விரியும்வரை வெளிச்சம் தேவையில்லை, விரிந்தபின் ஜன்னலோர வெளிச்சம் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ஒரு நிமிடம் காற்று மாற்றுங்கள்.

9. இலை வந்துவிட்டது. ஒன்றும் செய்யாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இரண்டாவது அல்லது மூன்றாவது வாரத்தில் மொட்டு உடைந்து, சுருண்ட பச்சை இலை வெளியே வரும். பார்க்க அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சியில்தான் பெரும்பாலானவர்கள் குச்சியைக் கொல்கிறார்கள். இலை வந்தது குச்சிக்குள் இருந்த சேமிப்பிலிருந்து. கீழே ஒரு வேர்கூட இல்லாமல் மூன்று இலை விரியும்.

நான் தொடங்கிய வருடத்தில் நடந்தது இது. பன்னிரண்டு டம்ளரிலும் இலை. இலை வந்துவிட்டது, இனி தண்ணீர் குடிக்கும் என்று தினமும் அரை டம்ளர் ஊற்றினேன். பத்தாவது நாள் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஒரு குச்சியைத் தொட்டபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. அடி இரண்டு அங்குலம் பழுப்பாக, ஊறிய அட்டைபோல் நசுங்கியது. பட்டை விரலோடு வழுக்கிக்கொண்டு உரிந்தது. நாற்றம் வேறு. ஒன்பது குச்சி அப்படிப் போயின. பிழைத்த மூன்றும் டப்பாவின் பின்வரிசையில், என் கை எட்டாமல் தண்ணீர் குறைவாகப் போன டம்ளர்கள்.

வேர் இல்லாத குச்சியால் நீங்கள் ஊற்றும் தண்ணீரை எடுக்க முடியாது. அது ஊடகத்தில் காற்று இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. புதிய வேருக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். அது இல்லாத இடத்தில் அழுகல் பூஞ்சை புகுந்துவிடும்.

அதனால் இலை வந்தபின்னும் செய்ய வேண்டியது எடை பார்ப்பது மட்டுமே. முதல் நாள் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், டம்ளரின் ஓரமாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர். அவ்வளவுதான். இலையில் சுருக்கம் தெரிந்தால் காற்றின் ஈரம் குறைவு என்று பொருள், மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வேரைத் தெரிந்துகொள்ளக் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டாம். அந்தச் சோதனையே முதல் வேரை அறுத்துவிடும். டம்ளர் ஒளி ஊடுருவும்படி இருப்பது இதற்காகத்தான். பட்டையில் அரிசிமணி மாதிரி வெள்ளைப் புடைப்புகள் முதலில் தெரியும். பலர் அதைப் பூஞ்சை என்று துடைத்துவிடுவார்கள். தொடாதீர்கள். பூஞ்சை என்றால் பஞ்சுபோல் இருக்கும், தொட்டால் கலையும். இது கெட்டியாக இருக்கும். நல்ல சூட்டில் மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் டம்ளர் சுவரை ஒட்டி வெள்ளை வேர் ஓடுவது தெரியும். சில ரகம் பத்து வாரம்கூட எடுக்கும். குச்சி கெட்டியாக, நகத்தால் கீறினால் பச்சையாக இருக்கும்வரை அதற்கு உயிர் இருக்கிறது.

10. டப்பாவிலிருந்து வெளியே

ஒரே ஒரு வேர் தெரிந்தவுடன் எடுக்காதீர்கள். மூன்று நான்கு பக்கம் வேர் ஓடி, அவற்றில் கிளைவேரும் பிரியட்டும்.

மூடிய டப்பாவுக்குள் விரிந்த இலை மெல்லியது. மேல்தோலில் மெழுகுப் படலம் உருவாகியிருக்காது, இலைத்துளைகளுக்கு மூடிப் பழக்கமும் இருக்காது. நேராக வெளியே வைத்தால் மாலைக்குள் கருகிவிடும். முதல் இரண்டு நாள் மூடியை விரல் அகலம் திறந்து வையுங்கள். அடுத்த இரண்டு நாள் பாதி. அப்புறம் பகலில் முழுவதும் திறந்து இரவில் மூடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் மூடியே தேவைப்படாது. நடுவில் இலை தொங்கினால் ஒருபடி பின்னால் போங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

11. விண்பதியம்: வளையம் எடுப்பது

இதற்கு மரம் ஓய்வில் இருக்கக் கூடாது. வளர்ச்சி வேகமாக இருக்கும் வெப்பமான மாதங்களில், பட்டை சுலபமாகக் கழன்று வரும்போது போடுங்கள்.

ஒன்று அல்லது இரண்டு வயதுள்ள, ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. பருமனுள்ள கிளை. நுனியிலிருந்து 30 முதல் 40 செ.மீ. கீழே ஒரு கணுவைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு இலைகளை நீக்குங்கள். அதிக நீளத்தைக் கன்றாக எடுக்க ஆசைப்பட வேண்டாம். ஓர் ஆரஞ்சுப் பழ அளவு வேர்ப்பந்தால் ஒரு மீட்டர் கிளைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது.

கணுவுக்குச் சற்றுக் கீழே ஒரு வெட்டு, அதற்கு இரண்டரை செ.மீ. கீழே இன்னொரு வெட்டு, இரண்டும் கிளையைச் சுற்றி. இரண்டையும் இணைத்து ஒரு நெடுக்குக் கீறல். பட்டையை மோதிரம்போல் கழற்றுங்கள். உள்ளே கட்டை வழுவழுப்பாக இருக்கும். அந்த வழுவழுப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டி, சொரசொரப்பாக்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மெல்லிய படலம்தான் புதிய பட்டையை உண்டாக்குவது. அது மிஞ்சினால் சில வாரங்களில் இரண்டு ஓரத்தையும் பாலம் போட்டுச் சேர்த்துவிடும், வேர் வராது.

இலையில் தயாராகும் சர்க்கரையும் வேரைத் தூண்டும் ஹார்மோனும் பட்டை வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. வளையம் எடுத்ததும் அவை மேல் ஓரத்தில் தேங்கும். தண்ணீர் மேலே ஏறுவது கட்டை வழியாக என்பதால் கிளை வாடாது. தேங்கிய இடத்தில், அதாவது வளையத்தின் மேல் ஓரத்தில், வேர் வெடிக்கும். வேர் ஊக்கியை அந்த மேல் ஓரத்தில் பூசுங்கள், கீழ் ஓரத்தில் பூசுவது வீண். பால் வடிவது நிற்கும்வரை ஈரத்துணியால் ஒற்றிவிட்டுப் பிறகு தொடருங்கள்.

12. விண்பதியம்: கட்டுவது

ஸ்பாக்னம் பாசியையோ (ஈரத்தை நிறையப் பிடித்து வைக்கும் உலர்பாசி) தேங்காய் நார்த்தூளையோ ஊறவைத்து நன்றாகப் பிழிந்து இரண்டு கையளவு எடுங்கள். வளையத்தின் மேல் ஓரம் உருண்டையின் நடுவில் வரவேண்டும். உருண்டை கீழே சரிந்து மேல் ஓரம் விளிம்பில் நின்றுபோவது அடிக்கடி நடக்கும் பிழை.

பாலித்தீனால் சுற்றிக் கீழ்முனையை இறுக்கிக் கட்டுங்கள். மேல்முனையும் இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைநீர் தண்டு வழியாக இறங்கி உள்ளே தேங்கும், எறும்பும் கூடு கட்டும். அதன்மேல் அலுமினியத் தாள். வேருக்கு இருட்டு பிடிக்கும், தாள் வெயிலையும் திருப்பிவிடும். கிளை காற்றில் ஆடினால் ஒரு குச்சியை ஊன்றிக் கட்டுங்கள்.

வாரம் ஒருமுறை பந்தை அழுத்திப் பாருங்கள். இறுகிக் கெட்டியாகத் தெரிந்தால் மேலே ஒரு துளையிட்டு, சிரிஞ்சால் 10, 20 மி.லி. தண்ணீர் செலுத்தித் துளையை ஒட்டிவிடுங்கள்.

13. பதியத்தைப் பிரிப்பது

நான்கு வாரத்துக்குப் பின் அலுமினியத் தாளை விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூல்போல் ஒன்றிரண்டு தெரிந்தால் திரும்ப மூடிவிடுங்கள். இன்னும் இரண்டு மூன்று வாரம் போகட்டும். வேர்கள் பந்தைச் சுற்றிப் பின்னி, சில பழுப்பாக மாறியபின் வெட்டலாம். ஒரு வாரம் கூடுதலாக விட்டதால் எந்தப் பதியமும் கெட்டதில்லை. ஒரு வாரம் முன்னால் வெட்டியதால் கெட்டவை நிறைய.

மாலையில், கீழ்க்கட்டுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். பாலித்தீனை மட்டும் எடுங்கள். பாசியைப் பிரித்து வேரை நீவி விடாதீர்கள், இளவேர் கண்ணாடிக்குச்சி மாதிரி உடையும். அப்படியே மூன்று, நான்கு லிட்டர் தொட்டியில் வைத்து நிரப்பி, தண்ணீர் ஊற்றி, முட்டுக் கொடுங்கள். இலைகளில் பாதியை நீக்குங்கள், மிச்சமிருக்கும் பெரிய இலையையும் பாதியாகக் கத்தரிக்கலாம். காய் இருந்தால் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். இரண்டு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில், அப்புறம்தான் முழு வெயில்.

14. தொட்டியில் முதல் வருடம்

டம்ளர் கன்றுக்கும் இனி இதே கவனிப்புதான். டம்ளரிலிருந்து இரண்டு லிட்டர், அதில் வேர் நிறைந்தபின் பத்து லிட்டர் என்று ஏற்றுங்கள். சின்னக் கன்றை நேராகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளிக்கும்.

மண்கலவையில் வடிகால்தான் முக்கியம். மட்கிய உரத்தை இப்போது சேர்க்கலாம், கால் பங்குக்கு மேல் வேண்டாம். திரவ உரத்தைப் புதிய இலை இரண்டு மூன்று வந்தபின், பாதி வீரியத்தில் தொடங்குங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் நெடுநெடுவென்று மென்தண்டாக வளரும், காய்ப்பு தள்ளிப்போகும்.

டம்ளர் கன்றில் சில சமயம் மூன்றாவது இலை வருவதற்குள் பட்டாணி அளவில் ஒரு காய் எட்டிப் பார்க்கும். எடுத்துவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் அந்த வயதில் இருக்கும் நாலு வேருக்கும் காயையும் வளர்த்துக் கிளையையும் வளர்க்கத் தெம்பு கிடையாது. பதியக் கன்று காய்த்த கிளையிலிருந்தே வந்தது என்பதால் அடுத்த பருவத்திலேயே காய் பிடிக்கும். அப்போது இரண்டு மூன்றை விட்டுப் பாருங்கள், ரகம் சரிதானா என்று பெயர்ச்சீட்டோடு ஒப்பிட அது போதும். குச்சிக் கன்றை இரண்டாம் பருவம்வரை வளரவிட்டு, தண்டு கட்டைவிரல் பருமன் வந்தபின் தரைக்கு மாற்றுங்கள். மாற்றும் நாளில் அடியில் சுற்றிச் சுருண்ட வேர் இருந்தால் அதை மட்டும் கத்தரித்துவிட்டு, தொட்டியில் நின்ற ஆழத்துக்கு இரண்டு விரல் கூடுதலாக இறக்கி நடுங்கள். மண்ணுக்குள் போகும் கணுவிலிருந்தும் வேர் கிளம்பும்.